களைவெட்டில் கிடைத்த மண்பொம்மை

நான் அஞ்சாவது படித்த வருஷம், உளுந்துக்குக் களை வெட்டும்போது அந்தப் பொம்மை கிடைத்தது. சுட்ட மண். விரல் நீளத்தில் ஒரு பொம்பளை உருவம். மூக்கைக் கிள்ளி, கண்ணைக் குச்சியால் குத்தி வைத்திருந்தது. இதைவிட நன்றாக நானே செய்வேன் என்று நினைத்தேன்.

தீப்பெட்டி லேபிள் தாளில் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். வாத்தியார் பார்த்துவிட்டு, ராஜாக்களுக்கும் முந்திய பழசு என்றார். மதுரையில் இருக்கும் தொல்லியல் ஆபீசுக்குக் கடிதம் போட்டார்.

அதைக் கேட்டதும் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆற்றுப்பக்கம் இப்படித்தான் பழைய பானை கிடைத்து, யாரோ ஒருத்தருடைய நிலத்தைச் சர்க்கார்காரர்கள் வேலி போட்டு எடுத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. எங்களுக்கு இருந்ததே மூன்று குறுக்கம் கரிசல் நிலம்தான்.

“ஏட்டி, ஒன்னைய யாரு ஊரு பூரா காட்டச் சொன்னா? நெலம் போச்சுன்னா எதைத் திங்கப் போற? மதுரை சார் வந்து கேட்டா, நாந்தான் செஞ்சேன்னு சொல்லு.”

பொய் சொன்னதற்காக முந்தின வாரம் என்னைப் புளியங்குச்சியால் அடித்தவரும் அவர்தான்.

மதுரைக்காரர் மினி பஸ்ஸில் வந்து இறங்கினார். பொம்மையைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார்.

“எம் மவ செஞ்சது சார். அடுப்புல போட்டுச் சுட்டா” என்றார் அப்பா.

“அப்படியா பாப்பா? இன்னொண்ணு செய், பாப்போம்.”

அப்பா முகம் செத்துப்போனது. எனக்குப் பயமில்லை. மாட்டுத் தொட்டியடியில் ஒரு பிடி ஈரக் கரிசல் எடுத்தேன். உருட்டினேன். மூக்கைக் கிள்ளினேன். கண்ணைக் குத்தினேன். தலை பின்னால் சாய்ந்தது. முதுகில் பெருவிரலைக் கொடுத்து நிமிர்த்தி நிறுத்தினேன்.

அவர் பழைய பொம்மையைத் திருப்பிக் காட்டினார். அதன் முதுகிலும் ஒரு பெருவிரல் பள்ளம் இருந்தது.

“அந்த விரலை இதுல வை.”

வைத்தேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

“பாத்தியளா சார்! நாஞ் சொன்னேம்லா!” அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். என்னைவிட அவர்தான் அசந்துபோனார்.

மதுரைக்காரர் சிரிக்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்கு என்ன வயசு?”

“பத்து.”

நோட்டில் எழுதிக்கொண்டார். பழைய பொம்மையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

“தாராளமாக் கொண்டு போங்க சார். இவ இன்னும் நூறு செய்வா.”

வேலி போட யாரும் வரவில்லை. அடுத்த வருஷமும் அங்கே உளுந்து விதைத்தோம். நான் பெரிய ஆளை ஏமாற்றிவிட்டேன் என்று இருந்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை மதுரையில் சொல்லத்தான் வயசைக் குறித்துப் போயிருக்கிறார் என்று பள்ளிக்கூடம் பூராவும் சொல்லித் திரிந்தேன்.

இப்போது என் பெருவிரல் அந்தப் பள்ளத்தில் நுழையாது. அன்றைக்கு அவர் எழுதிப் போனது, அந்தப் பழைய பொம்மையைச் செய்த பிள்ளையின் வயசு. எனக்கு அது அப்போது விளங்கவில்லை.