ஜெசிந்தாவின் பாதம்

கோலா சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் உதிரிப்பழம் பொறுக்கிப் பிழைத்தவள் ஜெசிந்தா. இருபத்தாறு வருஷமாக அங்கிருந்த சிற்றாலயத்தைக் கூட்டித் துடைத்து வந்தாள். யாரும் சொல்லிச் செய்த வேலையில்லை. ஆண்டவர் வீட்டில் செருப்பு ஆகாதென்று வெறுங்காலோடுதான் நடப்பாள். இந்தத் தவக்காலத்தில் தரையில் கிடந்த ஆணி குத்தியது. இனிப்புநீர் வியாதியால் மரத்துப்போன கால். புண் நாறத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. உடனே பாதத்தை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"ஈஸ்டர் முடியட்டும் டாக்டர். கோயில் வேலைக்கு வேற ஆள் இல்ல" என்று திரும்பி வந்துவிட்டாள்.

பெரிய வியாழன் மாலைப் பூசையில், ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோல் ஃபாதர் பாதம் கழுவப் பன்னிரண்டு பேர் வேண்டும். லயத்து வீடுகளில் இருந்த சனம் பாதி டவுனுக்குப் போய்விட்டதால் பதினொரு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஃபாதர் அவளைக் கூப்பிட்டார்.

"வேணாம் ஃபாதர், நாறுது லா."

"பரவாயில்ல, வாங்கம்மா."

அவரே மண்டியிட்டுப் புண்ணின் கட்டை அவிழ்த்தார். பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஃபாதர் முகம் சுளிக்காமல் தண்ணீர் ஊற்றி, துடைத்து, குனிந்து முத்தமிட்டார். ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு அந்த ஈரத்தைத் தேடினாள். ஒன்றுமே தெரியவில்லை.

"தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருக்காம்மா?"

"இல்ல ஃபாதர், இதமா இருக்கு" என்றாள், அவர் மனம் நோகக்கூடாதென்று.

மறுவாரம், புண் மேலே ஏறியிருந்ததால் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் செபம் சொல்ல வாயைத் திறந்தாள். அந்தப் பாதத்தைப் போலவே மனமும் மரத்துக் கிடந்தது; ஒரு வார்த்தையும் வரவில்லை.