ஷாக் சைக்கிளும் மீரான் பாயின் முட்டைகளும்

சைக்கிள் கடை வைத்தவனுக்குப் பஞ்சரால் ஒரு தொல்லையும் இல்லை; புதிதாக எதையாவது விற்கப் போனால்தான் வினை. கடை நடத்தி அவதிப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பக்கத்து நியாயம் அவர்களுக்காவது புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், ராஜபாளையத்தில் இருந்த என் கடைக்கு மதுரையிலிருந்து ஒரு ‘ஷாக்’ சைக்கிளை இறக்கினேன். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களுக்குள்ளும் ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்தால் அமுங்கி எழும். ஒரு மாதம் ஊரே வந்து அதை அமுக்கிப் பார்த்தது, வாங்கத்தான் ஆளில்லை. கடைசியில் சைக்கிளில் முட்டை கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடும் மீரான் பாய் மாட்டினார். ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டிருந்த தைரியத்தில், “ஒரு வருசத்துக்குள்ள இந்த ஷாக்கு வேலை செய்யலைன்னா சைக்கிளை நானே திருப்பி எடுத்துக்கிடுறேன்” என்று சொல்லித் தொலைத்தேன். அது திரும்பி வந்தால் அடுத்த சைக்கிளை எவனும் தொடமாட்டான் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

முன்னால் மட்டும் மெத்தை

முதல் நாளே அய்யனார் கோவில் ரோட்டில் போய்விட்டு மத்தியானம் வந்து நின்றார். பின் கேரியரிலிருந்து மஞ்சள் கரு ஒழுகிக்கொண்டிருந்தது. ஃபோர்க்கை அமுக்கினேன், ஜம்மென்று எழுந்தது. “ஷாக்கு முன்னாலதான பாய் இருக்கு? முட்டையைப் பின்னால கட்டுனா அது என்ன செய்யும்?” என்றேன்.

“நான் சொகமாத்தான் போனேன் அண்ணாச்சி. முட்டைக்குத்தான் அந்தச் சொகம் கெடைக்கலை.”

ஏற்றமும் இறக்கமும்

ஹேண்டில்பாருக்கு முன்னால் ஒரு கேரியர் மாட்டிக்கொடுத்தேன். முட்டை தப்பித்தது. ஆனால் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் முன்பக்கம் தொபுக் தொபுக்கென்று அமுங்கி, பாதி மிதி ஸ்பிரிங்குக்கே போய்விடுகிறது, தலை வேறு சுற்றுகிறது என்றார். பழைய ட்யூபை வாராக அறுத்துக்கொடுத்து, ஏற்றம் வந்தால் ஃபோர்க்கை அமுக்கி இறுகக் கட்டச் சொன்னேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்ட நாள் அது. ஒரு வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

“ஏத்தத்துல எறங்கிக் கட்டுறேன், எறக்கத்துல எறங்கி அவுக்கேன். மாடு வளக்கதுக்குக்கூட இம்புட்டு வேலை இல்ல அண்ணாச்சி.”

ஆயுத பூஜை

பூஜைக்கு முந்தின நாள், பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டும் ஓவராயிலுக்குச் சைக்கிளை விட்டுவிட்டுப் போனார். கடையில் பம்பு, ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். இது நான் விற்ற ஒரே ஷாக் சைக்கிள் அல்லவா? பாசம் பொங்க, பளபளவென்று மின்னிய ஃபோர்க் குழாய்களில் மேலிருந்து கீழ்வரை சந்தனத்தை அப்பினேன்.

மறுநாள் அவர் நாலு தட்டு முட்டையோடு மம்சாபுரம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாண வீட்டுக்குப் போனார். பிரியாணியில் அவித்து வைக்க முட்டை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். குழாய் ஏறி இறங்கியதில் சந்தனம் குழாய் வாயில் இருக்கும் ரப்பர் வளையத்துக்குள் புகுந்து, வெயிலில் காய்ந்து, பாதி வழியில் ஃபோர்க் இறுகிவிட்டது. ஒன்றரைத் தட்டுக்கு மேல் காலி. கல்யாண வீட்டில் உடைந்ததையெல்லாம் வழித்துப் பொரியலாக்கிப் பந்தியை ஒப்பேற்றியிருக்கிறார்கள். திரும்பி வந்த பாய் குழாயில் விரலைத் தேய்த்து மோந்து பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

“சாமி பேரைச் சொல்லி வச்சதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா சைக்கிளுக்கு நெத்தி எங்கன இருக்குன்னு விசாரிச்சிட்டு வச்சிருக்கலாம்ல?”

கேரண்டி

அன்று கடை வாசலில் சொல்லாமலே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஃபோர்க்கைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்துப் பூட்டினேன். அமுக்கினால் புதிதுபோல எழுந்தது. ஆனாலும் சொன்ன சொல் இருக்கிறதே. “தப்பு என்னுதுதான் பாய். வண்டியை விட்டுட்டுப் போங்க, திருப்பி எடுத்துக்கிடுறேன்” என்றேன். அவர் ஹேண்டில்பாரை மூன்று தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

“கேரண்டி ஷாக்குக்குத்தான குடுத்தீக? அது நல்லாத்தான் இருக்கு. கோளாறு ஒங்கள்ட்ட. ஒங்களைத் திருப்பி எடுத்துக்கிட எவன் இருக்கான்?”

அன்றிலிருந்து நான் விற்ற ஷாக் சைக்கிளுக்கெல்லாம், கடைக்காரன் கை படாதவரைக்கும்தான் கேரண்டி.