உடைந்த தையல் மெஷின் யார் தலையில்?

பதுளையில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில், ஒரே ஒரு பெட்டியால் நான் மாட்டிக்கொண்டதைப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பெட்டிக்குள் தையல் மெஷின். ஆன்லைனில் வரவழைத்தவர், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் செல்வராணி அக்கா. அவருடைய மகள் கொழும்பு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகக் கிளம்பி நின்றாள். மெஷின் வந்தால் வீட்டிலேயே தைப்பதாகச் சொல்லியிருந்தாள்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு ஏறும் படியிலேயே பெட்டி கலகலத்தது. எனக்குப் பேச்சு குறைவு. ஆனாலும் வாசலில் நின்று சொன்னேன்: "அக்கா, உள்ளுக்க என்னமோ ஆடுதுங்க."

"மெஷின்னா ஆடாம? வைங்க தம்பி."

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்தால்தான் உடைந்ததற்கு மாற்று தருவோம் என்பது விற்ற கடையின் விதி. மகள் நான் வரும்போதே போனில் வீடியோவைத் தொடங்கிவிட்டாள். ஆனால் புதுச் சாமானைச் சூடம் காட்டாமல் யார் பிரிப்பது? லயமே கூடியது.

"என்னையும் எடு புள்ள!"

"மாமா மறைக்கிறாரு, தள்ளுங்க!"

சூடமும் எல்லோர் முகமும் வீடியோவில் விழுந்தன. பெட்டி விழவில்லை. பிரித்தால், மெஷினின் கழுத்து இரண்டாகக் கிடந்தது.

கடைக்காரர் போனில் சொன்னார்: "வீடியோல பெட்டியவே காணோமே. நீங்கதான் போட்டு ஒடச்சிருப்பீங்க."

எங்கள் மேனேஜர் சொன்னார்: "நாங்க கொண்டுபோறவங்க மட்டுந்தான். பேக்கிங் செஞ்சவங்கள கேளுங்க."

"அப்ப தானாவே ஒடஞ்சிச்சா?" என்றார் அக்கா. மகள் பையைக் கட்டத் தொடங்கினாள்.

கட்டிக்கொண்டே வீடியோவை மறுபடி போட்டவளுக்கு, தொடக்கத்தில் 'ஆடுதுங்க' என்ற என் குரல் கேட்டது. அதைக் கடைக்கு அனுப்பினாள். "பிரிக்க முந்தியே ஒடஞ்சிருக்கு. அப்ப கூரியர்தான் பொறுப்பு" என்றார் கடைக்காரர், சந்தோஷமாக.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஆடுதுன்னு தெரிஞ்சும் ஏன் குடுத்தீங்க?"

"சொல்லிட்டுத்தாங்க குடுத்தேன்."

"அதுதானே வினை! பேசாம குடுத்திருந்தா சண்டை அவங்களுக்கும் கடைக்காரனுக்கும் நடுவுலயே போயிருக்கும்."

மாற்று மெஷின் வந்தது. மகள் பையை அவிழ்த்தாள். மெஷினின் விலையோ கடையிலிருந்து எங்கள் கூரியர் கம்பனிக்குப் போய், கம்பனியிலிருந்து என் சம்பளத்தில் பிடித்தமாக வந்து நின்றது. ஆன்லைன் வியாபாரத்தில் நட்டம் மட்டும் விலாசம் தவறாமல் போய்ச் சேருகிறது.

அதனால் சொல்கிறேன்: லாரியிலிருந்து இறக்கியதும் பெட்டியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் எடுத்துப் போகாதீர்கள். அந்தச் சத்தத்தை மேனேஜரையும் கேட்க வையுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். லாரி வரும் நேரத்தில் மேனேஜர் டீ குடிக்கப் போய்விடுகிறார்.