மதாம் ருசி பார்த்த நாள்

என் சமையலறை இழுப்பறையில் ஒரு மரக்கரண்டி கிடக்கிறது. தக்காளிக் குழம்பு ஊறி ஊறி அதன் முனை கறுத்துவிட்டது. மொன்றியலை அடுத்த புரோசார்ட்டுக்கு வீடு மாறியபோது மகள் அதைக் குப்பையில் போட்டாள். நான் போய் எடுத்து வந்தேன்.

அது மதாமுடையது. எண்பதுகளின் பின்பாதியில், கைக்குழந்தையோடு மொன்றியலுக்கு வந்து, அகதிக் கோரிக்கைக்கு முடிவு தெரியாமல் காத்திருந்த காலத்தில், ஒரு ஹெயிட்டி உணவகத்தில் வேலை கிடைத்தது. அங்கே சமைத்த அம்மாவை எல்லாரும் மதாம் என்றே அழைத்தார்கள். கிரெயோல் இறால் என்றால் அவர்தான். இறாலைத் தேசிக்காய்ச் சாற்றில் கழுவி, பூண்டும் வெங்காயத்தாளும் தைம் இலையும் அரைத்த விழுதில் ஊறவைப்பார். தக்காளிக் குழம்பில் உருண்டை மிளகாய் ஒன்றை உடையாமல் மிதக்கவிடுவார். உடைந்தால் அன்றைக்கு எனக்கு அர்ச்சனைதான். மட்டக்களப்பு வாவி இறாலில் வளர்ந்த எனக்கே வாயூறும். ஆனால் மதாம் அதை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. செதிலில்லாத கடலுயிர்களை உண்ணக்கூடாது என்பது அவருடைய சபையின் கட்டுப்பாடு. உப்புப் பார்க்கத்தான் என்னை வைத்திருந்தார். நான் தலையாட்டினால்தான் சட்டி இறங்கும்.

அப்போதுதான் ஊரில் என் கணவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கடிதம் வந்தது. அவர் திரும்பும்வரை மச்சம் தொடுவதில்லை, மீனோ இறாலோ எதுவும் இல்லை என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். மதாமிடம் சொல்லவில்லை. ருசி பார்க்க முடியாதவளுக்கு அங்கே என்ன வேலை? கரண்டியை மணந்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று பிரெஞ்சில் “போன்” சொல்லித் தலையாட்டினேன். பத்து நாள் தப்பியது. பதினோராம் நாள் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போன சட்டியில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. முதலாளி மதாமை எல்லாருக்கும் முன்னால் கிழித்தார். மதாம் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் அவர் கரண்டியை நீட்டியபோது அழுதுவிட்டேன். அரைகுறைப் பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதில் சொன்னதும் பிரெஞ்சில்தான். என் காதில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகவே தங்கிவிட்டது.

“ஒண்ட புருஷன் வாறவரைக்கும் நீ வாயில வைக்காத, புள்ள. நான் பாக்கிறன்.”

“ஒங்கட சபை?”

“கடவுளுக்கு விளங்கும். விளங்காட்டி நான் அவரோட கதைச்சுக்கிறன்.”

கண்ணை மூடி, கசாயம் குடிப்பதுபோல் விழுங்கினார். கொஞ்சம் யோசித்து, “உப்புக் காணாது” என்றார்.

அன்றிலிருந்து இரண்டு வருடம் மதாம்தான் ருசி பார்த்தார். பிறகு மாமியாரிடமிருந்து கடிதம் வந்தது: இனித் தேடிப் பயனில்லை, கிரியையைச் செய்துவிடு. அதைக் கேட்ட மதாம் மெதுவாகக் கரண்டியை என்னிடம் நீட்டினார். வாங்கி வாயில் வைத்தால், என் கணவர் இனி வரமாட்டார் என்று நானே சொன்னதாகிவிடும். மாட்டேன் என்று தலையசைத்தேன். மதாம் தானே ருசி பார்த்தார். சமையலை விட்டு அவர் விலகும்வரை அப்படித்தான். போகும்போது கரண்டியை எனக்குத் தந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மகளுக்கு அதே இறாலைச் சமைக்கிறேன்.

“எத்தனை வருஷமாச்சு, ஒரு வாய் பாருங்களன் அம்மா” என்பாள்.

“பொறகு பாப்பம்” என்று கரண்டியை அவளிடம் நீட்டுவேன்.