ஞாயிறுதோறும் கேட்ட ஒரு வரி

தேவராஜ மார்க்கெட்டில் வாழைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தாமோதரன் வீட்டு மாடியில் குடியிருக்கும் மஞ்சுநாத். "சார், தாமோதரன் சார் ஹோகிபிட்ரு" என்றார். போய்விட்டார் என்றால் கன்னடத்திலும் அதே அர்த்தம்தான். பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்ததால் சந்தேகப்பட்டுக் கதவை உடைத்திருக்கிறார்கள். தூக்கத்திலேயே மாரடைப்பு. வாழைக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு விஜயநகருக்கு ஆட்டோ பிடித்தேன்.

ரயில்வேயில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், சனிக்கிழமை பார்க்கில் அவரோடு நடந்தவர்களுக்கும் அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியது அதிகமில்லை. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். அதில் என் பங்கு இருக்கிறது.

சாமான் தொலைந்தது என்று புகார் கொண்டுவருபவர்களை விசாரிக்கும் மேஜையில் அவர் பல வருடம் இருந்தார். வந்தவரை முதலில் உட்காரச் சொல்வார். தண்ணீர் கொடுப்பார். மனுவைக் கடைசியில்தான் படிப்பார். "பேப்பர்ல எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதறாங்க சார். பேசவிட்டாத்தான் தெரியும்" என்பார். அந்த மனிதரைத்தான் நான் பேப்பருக்குத் திருப்பினேன்.

அவருடைய ஒரே மகள் சுதா செக் நாட்டில் ப்ர்னோ நகரத்தில் இருக்கிறாள். அந்த ஊர்க்காரரையே கட்டிக்கொண்டவள். மாமியாருக்குச் செக் மொழி தவிர வேறெதுவும் தெரியாது. ஞாயிறுதோறும் மகள் வீடியோவில் கூப்பிடுவாள். போன வருடம் ஒருநாள் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து தாமோதரன் என்னிடம் சொன்னார்: "சம்பந்தியம்மா பின்னாடி நின்னுக்கிட்டு அவகிட்ட என்னமோ சொல்றாங்க சார். என்னம்மான்னு கேட்டா, சாப்பிடக் கூப்பிடறாங்கப்பாங்கறா. சாப்பிடக் கூப்பிடற மூஞ்சியா அது?"

மகளுக்கு ஏதோ உடம்பு, அதை மறைக்கிறாள் என்று அவருக்குப் பட்டுவிட்டது. மாப்பிள்ளையிடம் இங்கிலீஷில் கேட்டால் எல்லாம் சௌக்கியம் என்கிறார். புறப்பட்டு வருகிறேன் என்றால், குளிர் போகட்டும் என்கிறாள் மகள். போனே மொழிபெயர்க்குமே என்றேன். "அவ அந்தப் போன்லதானே என்னைப் பாத்துக்கிட்டிருக்கா" என்றார். அந்த அம்மாள் சொல்வதைத் தன் காதாலேயே கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் அறுபத்தெட்டு வயதில் அவர் செக் படிக்கக் கிளம்பினார்.

எப்படிப் படிப்பது என்று என்னிடம் கேட்டார். இலாகாப் பரீட்சைக்கு யார் உட்கார்ந்தாலும் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போவது நம் ஆபீஸ் வழக்கம். எனக்கும் அதில் ஒரு மிதப்பு உண்டு. அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அங்கேயிருந்து ஒரு பெண் வாரம் மூன்று நாள் வீடியோவில் வந்து பேசுவாள்; ஆரம்ப மாதங்களில் புத்தகமே கிடையாது, கேட்பதும் திருப்பிச் சொல்வதும்தான். மற்றது புத்தகம் வைத்து, பாடம் பாடமாக எழுதி அனுப்பி, மதிப்பெண் வாங்கி, நிலை நிலையாகப் பரீட்சை எழுதும் வழி. அந்தப் பெண்ணிடம் மாதிரி வகுப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முகத்தில் ஒரு வெட்கம். "வாயத் திறந்தா தப்பாத்தான் வருது. அவ சிரிக்கறா. ஆனா காது திறக்குது சார்."

"காது திறந்ததுக்கு எவனும் மார்க் போடமாட்டான், பிடு மாராயா, விட்டுத்தள்ளுங்க" என்றேன். "அஸ்திவாரம் முதல்ல. நாம எல்லாம் அப்படித்தானே மேல வந்தோம்?" அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "நீங்க சொன்னா சரி" என்றார்.

எட்டு மாதம் எழுதினார். நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறைந்ததில்லை. திருத்தி வந்த தாள்களைப் பார்க்குக்குக் கொண்டுவருவார். கலெக்டர் உத்தியோகத்துக்கா படிக்கிறீர்கள் என்று நீங்களெல்லாம் கேலி செய்தது நினைவிருக்கும். ஒரு ஞாயிறு நான் அவர் வீட்டில் இருந்தபோது மகள் கூப்பிட்டாள். பின்னால் அந்த அம்மாள் ஏதோ சொன்னார், சுதா திரும்பி வெடுக்கென்று பதில் சொன்னாள். போனை வைத்ததும், புரிந்ததா என்று கேட்டேன். "எழுதிக் காட்டினா புரியும்" என்றார். சிரித்தேன். கேட்கும் பயிற்சி அடுத்த நிலையில் வருகிறது, பொறுங்கள் என்றேன். "நான் பொறுக்கலாம் சார்" என்றார். அடுத்த நிலைக்குப் பணம் கட்டிய வாரத்தில்தான் போனார்.

காரியத்துக்குச் சுதா வந்தாள். தனியாகப் பயணம் செய்ய முடியாமல் மாமியாரோடு வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். ஒரு வருடமாக நாங்கள் போனில் பார்த்தது விக். புற்றுநோய், சிகிச்சை முடிந்துவிட்டது, இப்போது பரவாயில்லை என்றாள். "அப்பாவுக்கு ஹார்ட் வீக் மாமா. தாங்கமாட்டார்னுதான்" என்றாள்.

அலமாரியில் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று பாடம் எழுதியது. மற்றது எனக்கே தெரியாதது. ஞாயிறுதோறும் போனை வைத்த கையோடு, சம்பந்தியம்மா சொன்னது காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார். அர்த்தம் எழுதும் இடம் காலியாக விட்டிருந்தது. பல பக்கங்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: ர்ழெக்னிதோதாதொவி. இடைவெளி இல்லாமல், ஒரே சொல்லாக.

சுதாவிடம் கொடுத்தேன். அதை வாய்விட்டுப் படித்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சுதா அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பாகிட்ட சொல்லிடுன்னு அத்தை ஒவ்வொரு வாரமும் சொல்லுவாங்க மாமா."

காது நோட்டைச் சுதா எடுத்துப்போனாள். பாட நோட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். வீட்டுக்கு வந்து புரட்டினேன். பதினான்காம் பாடத்தில் அந்த வரியின் மூன்று சொற்களும் இருக்கின்றன. தனித்தனியாக, அழகான கையெழுத்தில், எதிரே தமிழில் அர்த்தத்தோடு: சொல், அதை, அப்பாவிடம். மூன்றுக்கும் சரி போட்டு முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த நோட்டு. காது திறக்குது சார் என்று அவர் சொன்னபோது நான் சொன்ன பதிலும்.