பாம்புக்கடிக்கு முதல் பதில்

பாம்பு கடித்துத் துடிக்கும் ஒருவரிடம், பிழைக்கும் வழியை அவருக்குத் தெரியாத மொழியில் சொல்வீர்களா? மாட்டீர்கள். ஒரு கைப்பேசித் திரை அதைத்தான் செய்யவிருந்தது. அந்தத் திரையை வடிவமைத்தவள் இலஞ்சிக்காரி ஷெர்லின்.

தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் மருத்துவத் தகவல்களைத் திரட்டிவைக்கும் தளம் ஒன்று தென்காசியில் ஒரு மாடி அறையில் உருவாகிக்கொண்டிருந்தது. தேடினால் எந்தப் பதில் மேலே வரும், எது கீழே போகும் என்பதெல்லாம் ஷெர்லின் பொறுப்பு. திங்கட்கிழமை வெளியீடு. அதற்குள் யாரிடமாவது காட்டிப் பார்த்துவிட வேண்டுமென்று, வடகரையில் நெல் போட்டிருக்கும் இசக்கிச்செல்வியிடம் போய், இன்னும் வெளியாகாத தளத்தை அவள் போனில் திறந்து கொடுத்தாள்.

"அக்கா, பாம்பு கடிச்சா என்ன செய்யணும்னு உங்க போன்ல தேடுங்க."

"ஏட்டி, வரப்புல நிக்கவகிட்ட கேக்குத கேள்வியா இது?" என்று சிரித்தபடி இசக்கிச்செல்வி தமிழில் தட்டினாள்.

டாக்டர்கள் சரிபார்த்த பதில் மேலே வந்தது, ஆங்கிலத்தில். அதன் கீழே, கடிவாயில் ஒரு கல்லை ஒட்டவைத்தால் விஷத்தை உறிஞ்சிவிடும் என்று யாரோ எழுதிய விஷக்கல் வைத்தியம், தமிழில். அவள் விரல் நேரே விஷக்கல்லுக்குப் போனது.

"மேல உள்ளத ஏன்க்கா விட்டுட்டீங்க?"

"அது படிச்சவங்களுக்குப் போட்டதுல்லா!"

டாக்டர்கள் சொன்னதன் தமிழாக்கமும் இருந்தது. 'பிற மொழிகள்' என்ற பொத்தானுக்குள் மூடிக் கிடந்தது. போனின் மொழியை வைத்தே ஆளின் மொழியைத் தீர்மானிக்கும்படி செய்திருந்தாள் ஷெர்லின். இந்தப் பக்கம் தமிழ் மட்டும் வாசிக்கிறவர் போனும் கடையில் வாங்கிய நாள்முதல் ஆங்கிலத்தில்தான் இருக்கும். மாற்றினால் கௌரவக் குறைச்சல். ஷெர்லினுடைய அம்மா போனும் அப்படித்தான். எப்படி மறந்தாள்? அறிவை ஆங்கிலத்தில் பூட்டிவைத்துவிட்டு, விஷக்கல்லைத் தேடிப் போகிறவளை மூடநம்பிக்கைக்காரி என்று ஏசுவது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்!

நேரே குற்றாலத்துக்கு வண்டியை விட்டாள். அலுவலகத் தலைவர் பாண்டிராஜ், தலை வழிய எண்ணெயோடு ஐந்தருவியில் குளிக்க வரிசையில் நின்றார். நடந்ததைச் சொல்லி, வெளியீட்டைத் தள்ளிவைக்கக் கேட்டாள்.

"எண்ண தேச்சு நிக்கவன்ட்ட வந்து வேலையப் பேசுதியே! ஒரு ஆளு தப்பா தட்டுனதுக்கு வெளியீட்டத் தள்ளவா?"

"அந்த அக்கா தப்பா தட்டல அண்ணாச்சி. நான்தான் தப்பா அமைச்சுட்டேன். இப்படியே விட்டா உயிரு போகும்."

சந்தேகம் தீராமல், துணிப்பைக்குக் காவல் இருந்த தன் அம்மா வள்ளித்தாயின் போனில் தளத்தைத் திறந்து கொடுத்து, அதையே தேடிப் பார்க்கச் சொன்னார் பாண்டிராஜ். ஆங்கிலப் பதிலை ஏறிட்டும் பார்க்காமல் வள்ளித்தாயும் விஷக்கல்லையே அமுக்கினாள்.

"ஏம்மா?"

"எனக்குத் தெரிஞ்ச எழுத்து அதுலதானலே இருக்கு!"

வரிசை நகர்ந்தது. பாண்டிராஜ் நகரவில்லை. "ஒரு வாரம் எடுத்துக்கோ," என்றார்.

கேட்ட மொழியிலேயே பதில் வரும்படி மாற்றினாள் ஷெர்லின். எத்தனை பேர் படித்திருந்தாலும் விஷக்கல் கீழேதான். பக்கத்திலேயே 'பலனில்லை' என்று சிவப்பில். டாக்டர்களின் பதில் திறக்காமலே மேலே தெரிந்தது: 'கடிவாயைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், கடிபட்டவரை அசையாமல் வைத்து உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.'

இசக்கிச்செல்வி அதைச் சத்தமாக வாசித்தாள். "இது எனக்குப் போட்டதுதான்," என்றாள். அடுத்து, செங்கோட்டையில் மலையாளம் வாசிக்கிறவர்களிடம் காட்டக் கிளம்பினாள் ஷெர்லின்.

உங்கள் வீட்டில் ஆங்கிலம் வாசிக்காதவர் கையில் இன்றைக்கே போனைக் கொடுங்கள். ஒரு நோயின் பெயரைத் தேடச் சொல்லுங்கள். புரியாத மொழி மேலே வந்து நின்றால், அந்தத் தளத்தை நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். மாற்றும்வரை விடாதீர்கள்.