பாய் ரிஜெக்ட் செய்த கழுகு

பாய் புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் படித்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் அவருக்கு என்று ஒரு ஜன்னல் சீட் உண்டு. நான் சூளகிரியில் ஏறுவேன். ஏறும்போதே பார்ப்பேன், வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் காமிக்ஸைத் திருப்பித் திருப்பி, மூக்கு உரசும் அளவுக்கு முகத்தைப் புதைத்திருப்பார். புத்தகத்தில் இருக்கும் கழுகு மூக்கைக் கொத்திவிடப் போகிறது என்று கிண்டல் செய்துகொண்டே முன் சீட்டில் உட்காருவேன். அது ஏன் என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

பாய் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் இருந்தார். வண்டி பிரேக்குக்குப் போகும் இரும்பு வார்ப்புகளை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்து, ஓகே, ரீவொர்க், ரிஜெக்ட் என்று பிரிப்பது அவர் வேலை. அவர் ஓகே செய்ததை லாரியில் ஏற்றி அனுப்புவது டெஸ்பாட்சில் இருந்த என் வேலை. ஆனால் எங்களைச் சேர்த்து வைத்தது வேலையல்ல, சாம்பல் கழுகு. துறைமுக நகரம் ஒன்றைக் காவல் காக்கும், சாம்பல் நிறச் சிறகு கட்டிய ஒருவனின் கதை. தமிழில் மாதாமாதம் பாய் வீட்டுக்குக் கூரியரில் வரும். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற இரண்டு பேர் பொம்மைப் புத்தகத்துக்காக அடித்துக்கொள்வதைப் பார்த்து பஸ்ஸே சிரிக்கும். எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. முதலில் படிப்பவர் பாய். நான் படித்து முடிக்கும் வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. அதன் பிறகுதான் தீர்ப்பு. அதையும் தொழிற்சாலை பாஷையில்தான் சொல்வார்.

அவர் வேலையில் இருந்த கடைசி ஒன்றரை வருஷத்து இதழ்கள் எதுவுமே அவரிடம் தேறவில்லை. கழுகு சிறகைக் கழற்றி வைத்துவிட்டு மீன் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் கதை வந்ததே, அதைப் படித்து நான் அழுதேன். பாய் உதட்டைப் பிதுக்கினார். கதை ஓகே, படம் ரிஜெக்ட் என்றார். ஓவியனுக்குச் சோம்பல் வந்துவிட்டதாம். முகத்தை மட்டும் வரைந்துவிட்டுச் சுற்றிலும் கருப்பு மையை ஊற்றி விடுகிறானாம். பகலில் நடக்கும் சண்டைகூட இருட்டில் நடக்கிற மாதிரி இருக்கிறதாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்த மார்க்கெட் பக்கத்தில் தராசு, ஐஸ் பெட்டி, கூடையை முகர்ந்து பார்க்கும் பூனை என்று எதைத்தான் விட்டான் அந்த ஓவியன்? நான் சொல்லச் சொல்ல, பூனையா, எங்கே பூனை என்பார். என்னைச் சீண்டுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நாட்களில் பாய்க்குத் திமிர் வந்துவிட்டது என்று பஸ்ஸில் சிலர் பேசிக்கொண்டார்கள். பக்கவாட்டில் நின்று வணக்கம் வைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. நடக்கும் வழியில் வைத்த சாப்பாட்டுப் பையை மிதித்துவிட்டுப் போகிறார். ஷிப்ட் முடிந்து இருட்டிவிட்டால் எல்லோரும் இறங்கட்டும் என்று சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். ஆளே ஒரு மாதிரி ஆகிவிட்டார் என்று எனக்கும் பட்டது.

ஒருநாள் அவரை மடக்கியே தீருவது என்று பழைய இதழ் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். துறைமுகத்தில் திருவிழா, இரண்டு பக்கத்துக்கும் விரிந்த படத்தில் கடல் முழுக்க விளக்கேற்றிய படகுகள். இதற்கு மேல் ஒருவன் வரைய முடியாது என்று பாயே மெச்சிய பக்கம் அது. அதே ஓவியன்தானே பாய், இப்போது மட்டும் என்ன குறைந்து போனான் என்று அதை விரித்து நீட்டினேன். வழக்கம்போல ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மறுபதிப்பு போடறேன்னு இதையும் கெடுத்துட்டானுங்களா? படகுங்க எல்லாம் எங்க போச்சி?"

"மறுபதிப்பு இல்ல பாய். நீங்க எனக்குக் குடுத்த உங்க புக்குதான் இது."

அவர் அட்டையைப் புரட்டி, உள்ளே தான் போட்டிருந்த கையெழுத்தை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். படகுகள் எங்கும் போகவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே ஒரே சமயத்தில் புரிந்துவிட்டது.

பெங்களூரில் கண் ஆஸ்பத்திரியில் காட்டினார். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, இதைத் திருப்ப மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நேராகப் பார்ப்பது இன்னும் தெரிந்தது. விளக்குக்கு அடியில் இருக்கும் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இன்னும் கொஞ்ச காலம் ஒப்பேற்றியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு இருங்கள் பாய் என்று நானே கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை.

"பிரேக்குக்குப் போற பொருள்மா. ஓரத்துல ஒரு விரிசலை நான் உட்டுட்டன்னு வெச்சிக்க, எவனோ ஒருத்தன் பொண்டாட்டி புள்ளைய வெச்சிகினு வண்டில போவான்."

மறுநாள் அவரே மேனேஜர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டார். கம்பெனியில் அவருக்கு வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவரே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டார். நான் எத்தனையோ பேரிடம் வாதாடித் தோற்றிருக்கிறேன். தோற்றிருக்கக் கூடாதா என்று நான் ஏங்குவது, பாயிடம் ஜெயித்த அந்த ஒரு வாதத்தில்தான்.

இப்போது கழுகு என் வீட்டுக்கு வருகிறது. நேராகப் பார்ப்பதும் மங்கிப் போனபோது பாய்தான் முகவரியை மாற்றிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்து முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை சொல்வேன். சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். மழை சாய்வாகப் பெய்கிறதா, நேராகவா என்பார். வில்லன் எந்தக் கையில் கத்தி வைத்திருக்கிறான் என்பார். பதில் சொல்வதற்காகவே நான் ஒவ்வொரு படத்தையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

போன மாதத்து இதழைப் போல ஒன்று வந்ததே இல்லை. வெள்ளம் வடிந்த நகரத்துக்கு மேலே கழுகு பறக்கிறான். கீழே ஒவ்வொரு மொட்டை மாடியிலும் சேறு படிந்த மெத்தை, தலையணை, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் வெயிலில் காய்கின்றன. ஒரு மாடியைக்கூட விடாமல் பாயிடம் சொன்னேன். தொண்டை வறண்டு போயிற்று. பழைய ஞாபகத்தில் கேட்டுவிட்டேன்.

"சொல்லுங்க பாய். ஓகேவா, ரிஜெக்டா?"

"நீ நல்லாதாம்மா சொன்ன. ஆனா நான் பாக்காத பொருளுக்கு எப்படி ஓகே போடறது? இனிமே அதையும் நீயே போட்டுக்க."